எண்ணெய் முடிக்கு, குளியல் தோலுக்கு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே இருக்கிறது சந்தவாசல். மேற்கே ஜவ்வாது மலைத்தொடர், பக்கத்தில் ரேணுகாம்பாள் கோயில் கொண்ட படவேடு. தலைமுடியைப் பேண வேண்டிய எல்லாமே இந்த மலையடிவாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். சீயக்காயும் நெல்லியும் கடுக்காயும் மலைக்காட்டுச் சரக்குகள். அரப்புக்கு உசில் மரம் உண்டு. மளிகைக் கடை வாசலில் ஷாம்பூ பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. ஆனாலும் வீட்டுக்கு ஒருவராவது தலை அரிக்கிறது என்கிறார்கள். காலையில் குளித்தால் சாயங்காலமே பிசுக்கு. சீவினால் தோளில் பொடுகு. அதற்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: "தலை காஞ்சி கெடக்குது, எண்ண வெச்சிக்கோம்மா."

அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. காய்ந்து கிடப்பது பெரும்பாலும் முடி, தலைத்தோல் அல்ல. பொடுகு உள்ள தலையின் தோலில் எண்ணெய் குறைவாக இருப்பது அபூர்வம், கூடுதலாக இருப்பதே வழக்கம். முடியும் அது முளைக்கும் தோலும் இரண்டு வேறு பொருள்கள், இரண்டின் தேவையும் வேறு. இது மனத்தில் பதிந்துவிட்டால் எண்ணெய் வழியும் தலையைப் பார்த்துக்கொள்வது எளிது. இது பதியாதவரை எந்த மூலிகையும் எந்த ஷாம்பூவும் அரைகுறையாகவே வேலை செய்யும்.

முதலில் தலை தானாகச் சுரக்கும் எண்ணெயைப் பார்ப்போம். ஒவ்வொரு முடிக்குழியோடும் ஒட்டிக்கொண்டு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடம்பு முழுக்க இவை உண்டு. முகத்திலும் தலையிலும்தான் மிக நெருக்கம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை. சுரப்பியின் செல்கள் தமக்குள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தாமே உடைந்து அந்தக் கொழுப்பாக வெளியே வருகின்றன. பாதிக்கு மேல் கொழுப்பும் கொழுப்பமிலங்களும், கால் பங்கு மெழுகு, மீதியில் பெரும்பகுதி ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப்பொருள். தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பதும், முடியின் அடிப்பகுதிக்கு வழவழப்புத் தருவதும் இதன் வேலைகள். இதை அழுக்கு என்று நினைக்கத் தேவையில்லை. தங்கிப்போகும்போதுதான் இது அழுக்காகிறது.

சுரப்பியை ஆட்டிவைப்பவை ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள். பெண்களின் உடம்பிலும் இவை உண்டு. பிறந்த குழந்தையின் உச்சியில் மஞ்சளாகச் செதில் படிவதில் தாயின் உடம்பிலிருந்து வந்த ஹார்மோன்களுக்குப் பங்கிருக்கிறது. பிறகு எட்டொன்பது வயதுவரை சுரப்பு அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் சின்னப் பிள்ளைகளின் தலை இரண்டு நாள் குளிக்காவிட்டாலும் பிசுக்காவதில்லை. பருவ வயதில் சுரப்பு சட்டென்று ஏறும். ஆண்களுக்கு முதுமைவரை பெரிதாகக் குறையாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு நன்றாகக் குறையும். ஆகவே, ஒரே வீட்டில் பாட்டிக்குப் பொருந்துகிற எண்ணெய்ப் பழக்கம் பேத்திக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. அறுபது வயதுத் தலைக்கு எண்ணெய் இதமாக இருக்கும். பதினைந்து வயதுத் தலைக்கு அது ஏற்கெனவே இருப்பதன்மேல் இன்னொரு பூச்சு.

அடிக்கடி தலைக்கு ஊற்றிக்கொண்டால் சுரப்பி பயந்துபோய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்ற நம்பிக்கை ஊரிலும் உண்டு, நகரத்து அழகு நிலையங்களிலும் உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றும், உண்மையல்ல. 1958-ல் ஆல்பர்ட் கிளிக்மன், வால்டர் ஷெல்லி என்ற தோல் மருத்துவர்கள் எண்ணெய்ச் சுரப்பியை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தைத் தெளிவாக மறுத்தது. மேலே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்த்துச் சுரப்பைக் கூட்டவோ குறைக்கவோ சுரப்பியிடம் ஏற்பாடு ஏதும் இல்லை. ஹார்மோன் சொல்லும் வேகத்தில் அது சுரந்துகொண்டே இருக்கும். குளித்த அன்று தலை லேசாக இருப்பதால், மறுநாள் ஊறிவரும் எண்ணெய் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவ்வளவுதான். மேலே எண்ணெய் தடவினால் சுரப்பி ஓய்ந்துவிடும் என்று எண்ணுவதும் இதே காரணத்தால் தவறு.

இனி முடி. தோலுக்கு வெளியே நீளும் முடி உயிரற்ற புரதம். அதற்குத் தன்னைத் தானே பழுதுபார்க்கத் தெரியாது. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், இடுப்பைத் தொடும் இரண்டடிக் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து வருடத்து வெயில், சீப்பு, பின்னல் இழுப்பு எல்லாம் அந்த நுனியில் பதிந்திருக்கின்றன. தலைச் சுரப்பியின் எண்ணெய் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதும் இல்லை. சுருட்டை முடியில் அது வேரருகிலேயே நின்றுவிடும். வேர் பிசுக்கு, நுனி வறட்சி என்று ஒரே தலையில் இரண்டும் சேர்ந்திருப்பது இதனால்தான். "எனக்கு எண்ணெய் முடியா, வறண்ட முடியா?" என்று குழம்புபவர்களில் பலருக்கு இரண்டும் உண்டு என்பதே பதில்.

பொடுகுக்கு வருவோம். இங்கே மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறது: மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 1874-ல் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லூயி-சார்ல் மலசேயின் பெயரால் இப்படி அழைக்கப்படுகிறது. ஆரோக்கியமான தலையிலும் இது வாழ்கிறது, தொற்றிக்கொண்டு வந்தது அல்ல. 2007-ல் இந்த இனத்தில் ஒன்றின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது தெரிந்த செய்தி முக்கியமானது: கொழுப்பமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. நம் தோலில் உள்ள கொழுப்பைத்தான் அது நம்பியிருக்கிறது. தன் நொதியால் அந்தக் கொழுப்பைச் சிதைத்து, தனக்கு வேண்டிய நிறைவுற்ற கொழுப்பமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஒலிக் அமிலம் போன்றவற்றைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. அந்த ஒலிக் அமிலம் சிலருடைய தோலின் மேலடுக்கைக் குலைத்து உறுத்துகிறது. உறுத்தலுக்குப் பதிலாகத் தோல் அவசரமாகப் புதுச் செல்களை மேலே தள்ளுகிறது. முதிராத செல்கள் கொத்தாக உதிர்கின்றன. அந்தக் கொத்துதான் பொடுகு. ஒலிக் அமிலத்தைத் தாங்கும் தோலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே எண்ணெய், ஒரே தண்ணீர், ஒரே சீப்பு வைத்திருக்கும் அக்காவுக்குப் பொடுகு இருந்து தங்கைக்கு இல்லாமல் போவது இதனால்தான். பொடுகு வந்தவளைச் சுத்தமில்லாதவள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம்.

இந்தப் பூஞ்சைக்குத் தீனி எது என்று பார்த்தால், பத்துக்கு மேற்பட்ட கார்பன் கொண்ட கொழுப்பமிலங்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு ஒலிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் அது இன்னும் அதிகம். பொடுகுள்ள தோலில் இவற்றை ஊற்றி இரவெல்லாம், அல்லது அடுத்த வெள்ளிக்கிழமை வரை, ஊறவைப்பது என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். எண்ணெய் வைத்த உடனே செதில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கு மறைகிறது, அரிப்பும் கொஞ்சம் அடங்குகிறது. "எண்ண வெச்சா பொடுகு போவுது" என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு நாளில் முன்னைவிடத் தடித்த செதிலாக அது திரும்பி வரும்.

அப்படியானால் எண்ணெயை விட்டுவிடலாமா? கூடாது. முடிக்கு அது செய்யும் நன்மை உண்மையானது. 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது. லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்துகொள்கிறது. தண்ணீர் பட்டு முடி உப்புவதும் பிறகு சுருங்குவதும் அதனால் குறைகிறது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் முடிவின் காரணம் வேதியியலோடு பொருந்துகிறது. 2021-ல் 140 இந்தியப் பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, ஷாம்பூவோடு தேங்காய் எண்ணெயும் பயன்படுத்தியபோது தலைத்தோலின் நுண்ணுயிர்ச் சமநிலை மேம்பட்டதாகச் சொல்கிறது. அதிலும் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் பங்கெடுத்தார்கள். அங்கே எண்ணெய் தடவியவர்கள் முறையாக அலசியும் வந்தார்கள் என்பதை நான் அடிக்கோடிடுவேன். அலசாத எண்ணெய்க்கு அந்த ஆய்வு சான்றாகாது.

எண்ணெய் வழியும் தலைக்காரர்கள் செய்யவேண்டியது இது. குளிப்பதற்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே இருக்கும் முடியில், நுனிவரை, எண்ணெயைக் கையில் தேய்த்துத் தடவுங்கள். தோலில் ஊற்றவேண்டாம். பிறகு அலசிவிடுங்கள். குளித்தபின் நுனி முரடாக இருந்தால் இரண்டே சொட்டு, அதுவும் நுனிக்கு மட்டும். பொடுகே இல்லாதவர்கள் தீபாவளிக்கோ வார முறைக்கோ உச்சியில் எண்ணெய் தேய்த்து முழுகுவதில் தவறில்லை. அந்தத் தேய்ப்பின் சுகமும், தேய்த்துவிடும் அம்மாவின் கையும் நம் வாழ்க்கையின் நல்ல பகுதிகள். அன்றைக்கே அலசி எடுப்பதுதான் நிபந்தனை. விளக்கெண்ணெயை மட்டும் நீளக் கூந்தலில் பூசாதீர்கள். அதன் பசைத்தன்மையில் முடி சிக்குப்பிடித்து, வெட்டித்தான் எடுக்கவேண்டியதாக ஆன சம்பவத்தை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அலசுவது என்றதும் தண்ணீரைப் பற்றிப் பேசியாகவேண்டும். இந்தப் பகுதிக்கு அதுவே பெரிய விஷயம். மலையிலிருந்து கமண்டல நாகநதியில் வரும் மழைநீர் மென்மையானது. பாறைக்குக் கீழே பல நூறு அடி துளைத்து எடுக்கும் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப்படிவு தங்கும். இதைத்தான் உப்புத்தண்ணீர் என்கிறோம். இந்தத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால், சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசினாக மாறி முடியிலும் தோலிலும் படிகிறது. மேலும் தேய்த்தால் மேலும் படியும். குளித்த பிறகும் தலை பிசுபிசுவென்று இருக்கிறது, சீப்பில் சாம்பல் நிறத்தில் அழுக்கு வருகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தலைக்குக் கட்டி சோப்பா என்பதைத்தான். ஆண்களில் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. அந்த வகையிலும் சோப்பு தலைக்கு ஆகாது. அதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீர்ந்த வீடுகள் உண்டு.

சீயக்காயின் பெருமை இங்கே விளங்கும். அதன் காயில் உள்ள சப்போனின் என்ற பொருள் நுரைத்து எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. சோப்பைப் போல உப்புத்தண்ணீரில் திரிந்து படிவதில்லை. அரைத்துக் கரைத்தால் கரைசல் லேசான அமிலம், முடியின் மேல்செதில்கள் படிந்து நிற்கும். பூந்திக்கொட்டையிலும் அரப்பிலும் இலுப்பைப் புண்ணாக்கிலும் இருப்பது இதே குடும்பத்துப் பொருள்தான். பூந்திக்கொட்டைக்கு வீரியம் அதிகம். அதிகமாகச் சேர்த்தால் முடி வறண்டு நரநரக்கும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் அழுக்கை எடுப்பவை அல்ல. அவற்றின் வழவழப்பு முடிக்கு மென்மை தருகிறது. நுரை வரவில்லையே என்று வெந்தயத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பிசுக்கு போகாது.

சீயக்காயில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, தூளைச் சரியாகச் சலிக்காமல் போடுவது. நார்த்துணுக்குகள் தோலில் தங்கி அரிக்கும். பார்ப்பதற்குப் பொடுகு போலவே இருக்கும். இரண்டு முறை சலியுங்கள், அல்லது தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டிய கரைசலை மட்டும் தோலில் தேயுங்கள். மற்றது, கை நிறைய எண்ணெய் தேய்த்துவிட்டு ஒரு பிடி சீயக்காயில் அதை எடுத்துவிடலாம் என்று எண்ணுவது. அந்தக் காலத்தில் வடிகஞ்சியில் குழைத்து, இரண்டு மூன்று முறை போட்டு, கிணற்றடியில் தவலை தவலையாக ஊற்றி அலசினார்கள். இரண்டு குடம் தண்ணீரில் அந்தக் குளியல் நடக்காது. தண்ணீர் குறைவாக இருக்கும் வீட்டில் எண்ணெயையும் குறைப்பதே சரி.

ஷாம்பூவைக் கெட்டது என்று ஒதுக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. 1983-ல் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய சிக் ஷாம்பூ போன்றவை சின்ன பாக்கெட்டில் கிராமத்துக்கு வந்தபோது, கூலிக்குப் போகும் பெண் முதல்முறையாகப் பத்து நிமிடத்தில் தலைக்குக் குளித்து முடிக்க முடிந்தது. காய்ச்சி, அரைத்து, அலச ஒரு காலை முழுவதும் ஒதுக்க அவளால் முடியாது. ஷாம்பூவில் உள்ள செயற்கை அழுக்குநீக்கி உப்புத்தண்ணீரிலும் பிசினாகப் படியாது. பயன்படுத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். பாக்கெட்டை உச்சியில் நேராகப் பிழியாமல், ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்துத் தோல் முழுக்கப் படும்படி ஊற்றி, நகத்தால் கீறாமல் விரல் நுனியால் தேய்க்கவேண்டும். நீள முடியைப் பந்தாகச் சுருட்டித் துணி துவைப்பது போலக் கசக்க வேண்டாம்; வழிந்து வரும் நுரையே முடிக்குப் போதும். கண்டிஷனர் போட்டால் முடியின் பாதிக்குக் கீழே மட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? வெள்ளியும் செவ்வாயும் பெண்களுக்கு, சனியும் புதனும் ஆண்களுக்கு என்று நம்மிடம் ஒரு கணக்கு இருந்தது. எண்ணெய் குறைந்த தலைக்கு வாரம் இருமுறை சரிதான். பருவ வயதினருக்கும், பிசுக்குத் தலைக்கும் அது போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கலாம். கத்திரி வெயிலில் வயலில் நிற்பவர்களும் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுபவர்களும் தினமும் தலையை அலசினாலும் கெடுதல் இல்லை. ஆசியர்களிடம் நடத்தி 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்தாறு முறை ஷாம்பூ போட்டவர்களின் தலைத்தோலே நல்ல நிலையில் இருந்தது. அது ஷாம்பூ தயாரிப்பாளரின் ஆய்வு. எல்லோரும் அப்படிச் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தினம் குளித்தால் முடி கொட்டும் என்ற பயத்துக்கு இடமில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. மூன்று நாள் குளிக்காமல் இருந்துவிட்டு நான்காம் நாள் குளித்தால், சேர்ந்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கையோடு வருகிறது.

பொடுகு அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூ பூஞ்சையைக் குறைக்கும். வாரம் இருமுறை, நான்கு வாரம்வரை. தோலில் தடவி மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு அலசவேண்டும். மருந்து தோலில் தங்கும் அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது. உடனே கழுவிவிட்டு "இதுவும் கேக்கல" என்று பலர் கைவிடுகிறார்கள். குணமான பின் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர்ந்தால் திரும்ப வருவது குறையும். பூஞ்சை தோலின் குடியிருப்பாளர் என்பதால் அடியோடு ஒழியாது, கட்டுக்குள்தான் வைக்கமுடியும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். எலுமிச்சைச் சாறு, புளித்த தயிர், வெங்காயச் சாறு எதையும் கீறலுள்ள தோலில் தேய்க்கவேண்டாம். எரிச்சலைச் சிலர் குணமாவதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் என் கவலை. படிய எண்ணெய் வைத்து, இறுக்க வாரி, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடுதான் வரவேண்டும் என்று பல பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. சுரப்பு உச்சத்தில் இருக்கும் வயதில் இந்த எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு இறங்குகிறது. முடியோரமாக நெற்றியில் வரிசையாக வரும் பருக்களுக்கு இந்த எண்ணெய் ஒரு காரணம் என்பதைத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே எழுதிவிட்டார்கள். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் காயாமல் பின்னிக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளையின் சடைக்குள் சாயங்காலம்வரை ஈரம் நிற்கிறது, வாடை வருகிறது. குளியலை முந்தின நாள் மாலைக்கு மாற்றினால் இது தீரும். சடை இருக்கட்டும், எண்ணெய் கட்டாயம் வேண்டாம் என்று ஆசிரியர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நூற்றுக்கணக்கான நெற்றிகள் தப்பும்.

படவேட்டில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பார்கள். வேண்டுதல் வேறு, அது மனத்தைச் சேர்ந்தது. மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற ஆய்வாளர் அளந்து காட்டிவிட்டார். மொட்டைத் தலையில் எண்ணெய்ச் சுரப்பும் அப்படியே தொடரும்; செதிலைக் கழுவ எளிதாக இருக்கும் என்பதே லாபம்.

சில தலைகளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பிள்ளையின் தலையில் வட்டவட்டமாக முடி உதிர்ந்து, உள்ளே கறுப்புப் புள்ளிகளாக முடி முறிந்திருந்தால் அது படர்தாமரை. ஷாம்பூவால் போகாது, வாய்வழி மாத்திரை வேண்டும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும். வெள்ளிபோல் தடித்த செதில் நெற்றி எல்லையைத் தாண்டி, முழங்கையிலும் முட்டியிலும் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். பெண்ணுக்குத் தலை எண்ணெய் வழிவதோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முரட்டு முடி வருவதும் சேர்ந்தால் சினைப்பையைச் சோதிக்கவேண்டும். பிரசவத்துக்கோ கடுங்காய்ச்சலுக்கோ மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாக நிற்கும். நிற்காவிட்டால் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்காமல் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்குப் போளூர் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், அங்கே முடியாததற்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியோ வேலூர் சிஎம்சியோ இருக்கிறது. போகிற அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், மருத்துவர் தோலைப் பார்க்கவேண்டும்.